கிழவிக்குக் கண் எதற்கு?



வயதானால் கண் மங்கத்தான் செய்யும், அது தலையெழுத்து என்று நாம் வெகு சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெளுத்து மங்கிப் போவதற்குத்தான் கண்புரை என்று பெயர். மூக்குக் கண்ணாடியின் வில்லை கெட்டால் மாற்றுகிறோமல்லவா? கண்ணின் வில்லை கெட்டால் மட்டும் அது எப்படித் தலையெழுத்தாகும்?

முன்பெல்லாம் புரையை எடுத்தபின் சோடாப்புட்டிக் கண்ணாடிதான் கதி. இரண்டாவது உலக யுத்தத்திலே சில விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லு தெறித்து உள்ளேயே தங்கிவிட்டது. அப்படியிருந்தும் கண் அதனால் அழலவில்லை. இதைக் கவனித்த லண்டன் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி 1949இல் அதே வகைப் பொருளில் வில்லை செய்து, ஒரு பெண்மணியின் கண்ணுக்குள் வைத்தார். பெரிய வைத்தியர்களே அவரைக் கண்டித்தார்கள். கடைசியில் அவருடைய முதுமையில் அவர் கண்களுக்கே அவ்வகை வில்லை உதவிற்று.

இது பணக்காரனுக்குத்தானே என்பீர்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மதுரையில் ஜி. வெங்கடசாமி என்னும் வைத்தியர், வாத நோயால் விரல்கள் கோணிப்போனவர், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, இல்லாதவருக்கு இனாமாய்ச் செய்தார்கள். சீமை வில்லை விலை எட்டாதிருந்ததால், 1992இல் மதுரையிலேயே ஆரோலாப் என்னும் தொழிற்சாலை கண்டு, சுமார் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வில்லை செய்யலானார்கள்.

ஆகவே தோழர்களே, இன்று தடையாயிருப்பது நம்முடைய மனந்தான். “கிழவிக்குக் கண் எதற்கு? இன்னும் எத்தனை நாளைக்கு?” என்கிறோம். அவள் செத்தபின் கருமாதிக்குக் கடன் வாங்குகிறவன், உயிரோடிருக்கையில் பஸ் கூலி கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக யோசிக்கிறான். இது என்ன நியாயம்?

எல்லாக் குருடும் புரையல்ல. கண் நீர் அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. எது என்று வைத்தியர்தான் சொல்லவேண்டும். அதனால்தான் காலதாமதம் கூடாதென்கிறோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயாரை ஒரு கண்ணை மூடச் சொல்லி, எட்ட நின்று விரலைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். பிறகு மற்றக் கண்ணுக்கும் அப்படியே செய்யுங்கள். தடுமாறினால் நாளைக்கே கூட்டிப்போங்கள். இவ்வளவுதான் நாம் கேட்டுக்கொள்வது.