வன்தட்டு இல்லாத கணிப்பொறிகள்

முற்காலத்தில் நெல் விளையும் ஊர்களில் வசதியுள்ள வீடுதோறும் குதிர் இருந்தது. குதிர் இருந்தால் மட்டும் போதாது. எலி புகாமல், ஈரம் தாக்காமல், அந்து பிடிக்காமல் அதைக் காக்கவும் வேண்டும். அந்தக் கவலை ஒவ்வொரு வீட்டாருக்கும் தனித்தனியே இருந்தது. ஊருக்குப் பொதுவாக உறுதியான களஞ்சியம் ஒன்றைக் கட்டி, அதைக் கண்ணுங் கருத்துமாய்க் காத்து, அன்றாடம் வேண்டியதை அளந்து வாங்கிக்கொள்வதாயின், வீடுகளில் குதிரே வேண்டியதில்லை. ஆனால் களஞ்சியத்தின் கதவு ஒரு நாள் திறக்கவில்லையென்றால், அன்று ஊர் முழுவதும் பட்டினி. இந்த நன்மையும் இந்த அபாயமும் ஒருங்கே அமைந்த ஏற்பாடொன்று கணிப்பொறித் துறையில் உண்டு. அதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

கணிப்பொறிக்குக் குதிர் போன்றது ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு. பொறியை இயக்கும் ஆணைத் தொகுதியும், நாம் எழுதிச் சேர்க்கும் கடிதங்களும் கணக்குகளும் அதில்தான் தங்குகின்றன. மின்சாரம் நின்றாலும் அதில் எழுதியவை அழிவதில்லை. ஆயினும் அது நிலையான பொருளன்று. பழைய வகை வன்தட்டில் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனையோ தட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில் மிதந்து செல்கிறது. மின்சாரம் அடிக்கடி அற்று அற்று வருமானால் அதன் ஆயுள் குறைகிறது. அதன்மீதுள்ள மின்னணுப் பலகையை ஈரமும் உப்புக் காற்றும் அரிக்கின்றன.

இவ்வளவும் நாம் நூலில் படித்து அறிந்ததன்று. நாம் கலைப் பிரிவில் பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்பவர். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் மூன்று மாத காலம் உழைத்து ஒரு கையேட்டை மொழிபெயர்த்து முடித்தோம். மறுநாள் காலை பொறியை இயக்கினால், உள்ளே 'டிக் டிக்' என்ற ஓசை மட்டும் வந்தது. கையேடு போயிற்று. வேறிடத்தில் பிரதி எடுத்து வையாதது நமது குற்றமேயன்றிப் பிறர் குற்றமன்று. அன்று முதல் வன்தட்டு என்றாலே நமக்கு ஓர் அச்சம்.

அந்த அச்சத்துடன்தான் அலுவல் நிமித்தம் அந்தமானின் வட கோடியிலுள்ள திக்லிபூருக்குச் சென்றோம். அழகிய ஊர் அது. ஒருபுறம் இத்தீவுகளிலேயே உயரமான, 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரம். மறுபுறம் ஏரியல் பே துறை. இடையே நெல்வயல்களும் கல்பொங் ஆறும். அந்த ஆற்று நீரிலிருந்துதான் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று மின்சாரம் எடுக்கிறது. வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களே அங்கு மிகுதி. தமிழரும் பிறரும் கலந்து வாழ்கின்றனர். ஆனால் ஆண்டில் பாதிக்கு மேல் மழை. பழுதான பொறியைச் செப்பனிட வேண்டுமாயின், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேருக்கு எடுத்துச் செல்ல வேண்டும். சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். போய்வரும் செலவு சிலபோது பொறியின் விலையையே எட்டிவிடும்.

அங்கே ஒரு படிப்பகத்தில் ஆறு பழைய கணிப்பொறிகள் உறை மூடிக் கிடக்கக் கண்டோம். மூன்றில் வன்தட்டு செத்துவிட்டது. மற்ற மூன்றிலும் சாகும் தறுவாயில் இருந்தது. மாணவர்கள் விண்ணப்பங்களை அனுப்பவும் தேர்வுக்குப் படிக்கவும் வேறிடம் தேடி அலைந்தனர். படிப்பகத்தைக் கவனித்துவந்த வங்காளி அம்மையாரை ஊரார் யாவரும் 'தீதி' என்றே அழைத்தனர். அவ்வூர்ப் பள்ளியில் பணியாற்றிய தமிழ் ஆசிரியர் ஒருவர் அப்பொறிகளைப் பார்த்துவிட்டு, "ஸார், தட்டுகளைக் கழற்றி எறிந்துவிடுவோம். தட்டில்லாமலே இவை ஓடும்" என்றார். நாம் நம்பவில்லை.

தட்டில்லாத பொறி எங்ஙனம் விழித்தெழுகிறது? மின்சாரம் பாய்ந்ததும், அதன் நெட்வொர்க் கார்டுக்கென அழியா நினைவில் பதித்துள்ள ஒரு சிறு நிரல் கண் விழிக்கிறது. தொழிற்சாலையிலேயே அக்கார்டுக்கு இட்ட 48 பிட் எண் ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதனைப் பிறவிக் குறி எனலாம். தன் முகவரி தெரியாது. யாரைக் கேட்பதென்றும் தெரியாது. ஆகவே கேபிளில் இணைந்துள்ள யாவருக்கும் கேட்கும்படி, "இன்ன குறியுடைய நான் வந்திருக்கிறேன், எனக்கு முகவரி தருவார் உண்டா?" என்று கூவுகிறது. இந்தக் கூவலை ஆங்கிலத்தில் 'பிராட்காஸ்ட்' என்பர். நேயர்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் ஒலிபரப்புக்கும் அதே சொல்தான். கேட்பவர் யாரென்று அறியாமலே பேசுவது இரண்டுக்கும் பொது.

சர்வர் எனப்படும் தலைமைப் பொறி அக்கூவலுக்கு விடை தருகிறது. "உன் முகவரி இது, இன்ன பெயருள்ள கோப்பை இன்னாரிடம் பெற்றுக்கொள்" என்பது அந்த விடை. இதற்குரிய முறை டி.எச்.சி.பி. எனப்படும். அடுத்து டி.எஃப்.டி.பி. என்ற எளிய முறையால் அக்கோப்பு வந்து சேருகிறது. 512 பைட் கொண்ட ஒரு பிடியைக் கொடுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்ற சொல் வந்த பிறகே அடுத்த பிடியைக் கொடுப்பது அம்முறையின் அடிப்படை. அவ்வாறு வந்த கோப்பு, லினக்ஸின் உயிர்நிலையாகிய கெர்னலை வரவழைக்கிறது. கெர்னல் எழுந்ததும், சர்வரிலுள்ள பொதுக் களஞ்சியத்தைத் தன் தட்டாகவே பாவித்து அதிலிருந்து படிக்கத் தொடங்குகிறது. அக்களஞ்சியத்தில் எவரும் எழுத முடியாது, படிக்கலாம். தற்காலிகக் குறிப்புகள் அந்தந்தப் பொறியின் நினைவகத்தில் தங்கி, அணைத்ததும் மறைந்துவிடும். ஒருவர் எழுதும் கடிதமோ சர்வரில் அவருக்கென ஒதுக்கிய அறையில் சேருகிறது. ஆகவே அவர் நாளை வேறு பொறியில் அமர்ந்தாலும் அவருடைய கடிதம் அங்கே காத்திருக்கும்.

இவை யாவும் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. டி.எஃப்.டி.பி. முறையின் விதிகள் 1981-இல் வெளியாயின. தட்டில்லாப் பொறி தன் முகவரியைக் கேட்டறியும் பூட்பி முறை 1985-இலும், அதன் வழித்தோன்றலான டி.எச்.சி.பி. 1993-இலும் வந்தன. லினக்ஸ் பிறந்தது 1991-இல். 1999-இல் அமெரிக்கரான ஜிம் மெக்குவில்லன் என்பவர், இவற்றையெல்லாம் கோத்து, தட்டில்லாப் பொறிகளுக்கென 'எல்.டி.எஸ்.பி.' என்ற லினக்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். 2019-இல் கிரேக்க நாட்டவரான அல்கிஸ் ஜார்ஜோபௌலோஸ் அதனைப் புதிதாக எழுதி அமைத்தார். கிரேக்கப் பள்ளிகள் பலவற்றில் அது பயன்படுகிறது. அதற்கு விலை இல்லை. மாற்றி எழுதிக்கொள்ளவும் தடை இல்லை.

ஆசிரியர் வேலையைத் தொடங்கினார். சற்றுப் புதிய பொறியொன்றைச் சர்வராக்கி, டெபியன் வகை லினக்ஸை அதில் நிறுவினார், பின் எல்.டி.எஸ்.பி.யைச் சேர்த்தார். ஆறு பொறிகளிலும் தட்டுகளைக் கழற்றி, 'முதலில் நெட்வொர்க்கில் தேடு' என்று தொடக்க அமைப்பில் மாற்றினார். ஒரு ஸ்விட்ச், ஏழு கேபிள்கள். இவ்வளவே மூலதனம். பொறி ஒவ்வொன்றிலும் 2 கிகாபைட் நினைவகமாவது இருத்தல் நலம். சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் இடையே ஒரு கிகாபிட் வேகம் வேண்டும். கம்பியில்லா வைஃபை இதற்கு உதவாது, கேபிள்தான் வேண்டும்.

மாலையில் ஆறு பொறிகளையும் இயக்கினோம். ஆறு திரைகளிலும் ஒரே ஆங்கில வாக்கியம் தோன்றி நின்றது: 'பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை'. ஆசிரியர் இரண்டு மணி நேரம் கேபிள்களை மாற்றி மாற்றிச் சோதித்தார். நமக்குக் கேபிளும் தெரியாது, ஸ்விட்ச்சும் தெரியாது, வாக்கியம் தெரியும். "கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்றுதானே சொல்கிறது? முகவரி கிடைக்கவில்லை என்று சொல்லவில்லையே. அப்படியானால் முகவரியைக் கொடுத்தவர் யார்?" என்று கேட்டோம். ஆசிரியர் சற்று நின்றார். பிறகு சுவரோரம் பச்சை விளக்குடன் மின்னிக்கொண்டிருந்த இணைய ரௌட்டரைப் பார்த்தார். கள்ளன் அகப்பட்டான். அந்த ரௌட்டரும் கேட்போர்க்கெல்லாம் முகவரி தரும் வழக்கமுடையது. பழைய பொறிகள் கூவியதும் அது முந்திக்கொண்டு முகவரியைக் கொடுத்துவிட்டது. கோப்பின் பெயர் அதற்கு எங்கே தெரியும்? முகவரி தரும் வேலையை ரௌட்டருக்கே விட்டு, கோப்பின் பெயரை மட்டும் சர்வர் சொல்லும்படி ஆசிரியர் அமைப்பை மாற்றினார். ஆறு பொறிகளும் எழுந்தன. தமிழ், வங்காளி, இந்தி ஆகிய மொழிகளுள் வேண்டியதைத் தெரிந்துகொள்ளவும் வழி இருந்தது.

இணையம் இல்லாத இடத்தில் இது நடக்குமா என நேயர்கள் வினவலாம். நடக்கும். பொறிகள் கண் விழிப்பதற்கு வேண்டுவது அறைக்குள் ஓடும் சில மீட்டர் கேபிளே. 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. வடக்கு நோக்கி வரும் அதன் கிளை நடு அந்தமானிலுள்ள ரங்கத்தில் கரையேறுகிறது. வெளியுலகத் தொடர்புக்கு அது பெருந்துணை. ஆயினும் அத்தொடர்பு அறுந்த நாளிலும் படிப்பகத்துப் பொறிகள் எழும். சர்வரில் சேர்த்துவைத்த பாடங்களைப் படிக்கலாம்.

இனி அபாயத்தைச் சொல்ல வேண்டும். முன்பு ஆறு பொறிகளில் ஒன்று கெட்டால் ஐந்து மிஞ்சின. இப்போது சர்வர் கெட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அதற்கு மட்டும் யூ.பி.எஸ். வைத்தோம். அதில் இரண்டு வன்தட்டுகளைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் உடனுக்குடன் பதியும்படி செய்தோம். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியுமாதலால், வாரம் ஒரு முறை தனித் தட்டொன்றில் பிரதி எடுத்து, வேறு கட்டடத்தில் வைக்க ஏற்பாடாயிற்று. வேறு கட்டடம் ஏன் என்பதைத் திக்லிபூரார்க்கு விளக்க வேண்டியதில்லை. 2002 செப்டம்பர் 14-இல் 6.5 அளவுள்ள நிலநடுக்கத்தைக் கண்டவர்கள் அவர்கள். மேலும் டி.எஃப்.டி.பி. முறைக்குப் பூட்டும் சாவியும் கிடையா. ஆதலால் வெளியார் எவரும் தம் பொறியை அந்த ஸ்விட்ச்சில் இணைக்கலாகாது என்று விதித்தோம்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் பிறகுதான் தெரிந்தது. ஆசிரியருக்கு வேறு தீவுக்கு மாற்றல் வந்தது. தட்டில் இருந்தவற்றுக்கெல்லாம் பிரதி எடுத்தோம். ஆசிரியரின் தலையில் இருந்ததற்குப் பிரதி எடுத்தோமில்லை. புறப்பட அவருக்குப் பத்து நாள் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான்கு பக்கத்தில் எழுதிக்கொண்டு, தமிழிலும் இந்தியிலும் தந்தோம்; தீதியின் மகள் அதை வங்காளியில் ஆக்கினாள். பிறகு ஒரு ஞாயிறன்று, அந்நான்கு பக்கத்தையும் தீதியின் கையில் கொடுத்து, அனைத்தையும் அணைத்து மீண்டும் எழுப்புமாறு வேண்டினோம். வாய் திறப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

மூன்றாம் வரியிலேயே தடை. 'முதலில் ஆறு பொறிகளையும் நிறுத்துக' என்பதற்கு இந்தியில் 'பந்த் கீஜியே' என்று எழுதியிருந்தோம். மூடுவதற்கும் அணைப்பதற்கும் இந்தியில் அது ஒன்றே. தீதி திரையில் திறந்திருந்த சாளரங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, அடுத்த வரிக்குச் சென்று சர்வரை அணைத்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்த ஆறு பொறிகளும் பாதி மூச்சில் உறைந்து நின்றன. தவறு தீதியுடையதன்று, இருபது ஆண்டு மொழிபெயர்த்த நம்முடையது. எந்தப் பொத்தானை, எத்தனை நேரம், எது அணையும் வரை என்று அவ்வரியைத் திருத்தி எழுதினோம். தீதி மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்கினார். அம்முறை தடையின்றி முடிந்தது.

ஆசிரியர் சென்றார், சில நாளில் நாமும் திரும்பினோம். மழைக்காலத்தில் தீதியிடமிருந்து தகவல் வந்தது. இரவெல்லாம் இடியும் மழையும். மின்சாரம் போய், சர்வர் அணைந்துவிட்டது. காலையில் பிள்ளைகள் வாசலில் நிற்க, அவர் நான்கு பக்கத்தையும் மேசைமேல் விரித்து, வரி வரியாகச் செய்து, பத்து மணிக்குள் ஆறு பொறிகளையும் எழுப்பிவிட்டார். கடைசியில் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்: நான்காம் பக்கம் மழைச்சாரலில் நனைந்துவிட்டது, ஆகவே இன்னொரு பிரதி எழுதி, அதனையும் வேறு கட்டடத்தில் வைத்திருப்பதாக.