வாடகைக் காரும் இயந்திரத்தின் அளவும்



பெரிய கார் ஒன்றை வாங்கி, அதனை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்க விரும்புகின்ற ஒருவர், எவ்வளவு பெரிய டீசல் இயந்திரம் பொருத்திய வண்டியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் காலங்கழித்த ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணலாம். இந்த வினாவுக்கு விடை காண வேண்டிய கணக்கு முழுவதும் பள்ளிக்கூடத்துக் கணக்கே. உருளையின் கன அளவும், சராசரியும், வட்டியும் தெரிந்தால் போதும். ஆயினும் அக்கணக்கைப் போடாமலேயே ஒரு குடும்பத்தின் நகையும் நிலமும் அடகுக்குப் போவதை நம் ஊர்களில் நாள்தோறும் காண்கிறோம். ஆதலின் இதனைப் பேசுவது நன்று.

முதலில் ‘அளவு’ என்றால் என்னவென்று பார்ப்போம். காரின் இயந்திரத்தில் உருளை வடிவான அறைகள் உண்டு. அவற்றைச் சிலிண்டர் என்கிறோம். ஒவ்வொரு சிலிண்டரினுள்ளும் ஒரு பிஸ்டன் மேலுங்கீழுமாக இயங்குகிறது. அது கீழிருந்து மேலே வரும்போது வெளியேற்றும் இடத்தின் கன அளவை எல்லாச் சிலிண்டர்களுக்கும் கூட்டினால் வருவதே இயந்திரத்தின் அளவு. மக்கள் வழக்கில் இதனைச் ‘சி.சி.’ என்பார்கள், கன சென்டிமீட்டர் என்பது பொருள். 1000 சி.சி. ஒரு லிட்டர்.

டீசல் இயந்திரத்தின் தனித்தன்மையையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். டீசல் இயந்திரத்தில் பொறி இல்லை. காற்றை மட்டும் மிகவும் அழுத்துகிறார்கள். அழுத்தத்தால் காற்று கடுஞ்சூடு அடைகிறது. அச்சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சியவுடன் அது தானே பற்றிக்கொள்கிறது. இவ்வளவு மிகுதியாக அழுத்துவதனால், எரிபொருளின் வெப்பத்தில் பெட்ரோல் இயந்திரத்தைவிட மிகுந்த பங்கு வேலையாக மாறுகிறது. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் இதனை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார்.

டீசலுக்கும் வாடகைக் காருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1936ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 260 டி என்னும் டீசல் காரை வெளியிட்டது. அதன் இயந்திரம் 2545 சி.சி. அளவுடையது, திறன் 45 குதிரைத்திறன். அதனைப் பெரிதும் விரும்பியவர்கள் வாடகைக் கார்க்காரர்கள். 100 கிலோமீட்டர் செல்ல அது ஏறக்குறைய 9 லிட்டர் குடித்தது. அதற்கு இணையான பெட்ரோல் கார் 13 லிட்டர் குடித்தது. சொந்தக் காரை ஞாயிறுதோறும் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதன்று. பகலும் இரவும் ஓடுகின்ற வண்டிக்கோ இதுவே வாழ்வுக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாடாகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 1958 முதல் 2014 வரை உத்தரபாராவில் செய்யப்பெற்ற அம்பாசடர் காரை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1980ஆம் ஆண்டளவில் அதற்கு 1489 சி.சி. டீசல் இயந்திரம் ஒன்றைப் பொருத்தினார்கள். அதன் திறன் 37 குதிரைத்திறன்தான். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு உடலையும், அதனுள் நெருங்கி அமர்ந்த ஆறேழு பேரையும், மேலே கட்டிய மூட்டைகளையும் அந்த 37 குதிரைகள் இழுக்க வேண்டியிருந்தது. எண்ணெய்ச் செலவு குறைந்ததென்று ஓட்டுநர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் மேட்டில் கியரைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்தார்கள். முன்னே செல்லும் லாரியை முந்துவதற்கு நெடுந்தூரம் காத்துக் கிடந்தார்கள். பின்னாளில் அதே உடலுக்கு 2 லிட்டர் இசுசு டீசல் இயந்திரம் வந்தபோதுதான் அந்தக் குறை ஓரளவு நீங்கிற்று. இயந்திரம் வேலைக்குச் சிறிதாக இருந்தால், எப்பொழுதும் தன் முழு வலிமையையும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வாறு உழைக்கும் மனிதனும் நெடுநாள் தாங்கான், இயந்திரமும் தாங்காது.

அப்படியானால் பெரியதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். சி.சி. மிகுந்தால் வலிமை மிகும் என்பது பாதி உண்மை. 2000ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு வந்த டொயோட்டா குவாலிஸ் காரின் டீசல் இயந்திரம் 2446 சி.சி.; திறன் 75 குதிரை. 2005இல் அதற்குப் பின் வந்த இன்னோவா 2494 சி.சி.; திறன் 102 குதிரை. 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் சிறிய டீசல் இயந்திரம் 2393 சி.சி.; திறன் 150 குதிரை. மூன்று எண்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். அளவு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. கடைசியில் சிறிது குறையவும் செய்கிறது. திறனோ இரு மடங்காகிவிட்டது. வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே காற்றை மிகுதியாக உள்ளே தள்ளும் டர்போ என்னும் விசிறியும், எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சும் முறையும் செய்த மாற்றம் இது. ஆகவே இருவேறு காலத்து இயந்திரங்களைச் சி.சி.யை மட்டும் வைத்து ஒப்பிடுவது, இருவேறு பள்ளி மாணவர்களின் அறிவை அவர்கள் உயரத்தைக்கொண்டு ஒப்பிடுவது போலாகும்.

ஒரே காலத்து இரண்டு இயந்திரங்களை ஒப்பிடுவதே முறை. அதற்கு அந்த இன்னோவா கிரிஸ்டாவே நல்ல எடுத்துக்காட்டு. 2016இல் அது இரண்டு டீசல் அளவுகளில் வந்தது, ஒன்று 2.4 லிட்டர், மற்றொன்று 2.8 லிட்டர். இரண்டிலும் நான்கு சிலிண்டர்கள். இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 92 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தொலைவு மட்டும் முதலாவதில் 90, இரண்டாவதில் 103.6 மில்லிமீட்டர். உருளையின் கன அளவுக்கு உரிய வாய்பாட்டில் இவற்றை இட்டுப் பாருங்கள்; 2393, 2755 என்னும் விடைகள் வரும்.

இனிப் பயன் என்ன என்று காண்போம். சிறியதன் திறன் 150 குதிரை. பெரியதன் திறன் 174. சிறியதன் முறுக்குவிசை 343 நியூட்டன் மீட்டர், பெரியதனுடையது 360. முறுக்குவிசை என்பது சக்கரத்தைத் திருப்பும் விசை. உப்பு மூட்டைகள் ஏற்றிய கைவண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்தும்போது தோளில் தெரிவது இதுவே. நகர்ந்த வண்டியை எவ்வளவு விரைவாக ஓட்டிச்செல்ல முடியும் என்பதைச் சொல்வது குதிரைத்திறன். பெரிய இயந்திரத்தில் அளவு நூற்றுக்குப் பதினைந்தும், குதிரைத்திறன் நூற்றுக்குப் பதினாறும் கூடின. முறுக்குவிசை கூடியது நூற்றுக்கு ஐந்தே. மற்றொன்றையும் மறத்தலாகாது. அப்பொழுது பெரிய இயந்திரம் தானியங்கிக் கியருடனும், சிறியது கையால் மாற்றும் கியருடனும் வந்தன. விலையிலும் எண்ணெய்ச் செலவிலும் கண்ட வேறுபாட்டில் ஒரு பங்கு கியரைச் சேர்ந்தது.

என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் இந்த இரண்டினுள் எதனை வாங்குவது என்று கேட்டு வந்தார். அவர் பெற்றோர் மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள். வெயிலில் உப்பு வாரிச் சேர்த்த பணமே முன்பணம். மீதி கடன். பழைய வண்டிகள் இரண்டு விலைக்கு வந்திருந்தன. “ஐயா, பெரியதற்கு இரண்டு இலட்சம் கூட. ஆனால் மலைக்குப் போனால் பிக்கப் நன்றாயிருக்கும் என்கிறார்கள்” என்றார். “தம்பி, நீ மலைக்கு எத்தனை முறை போகிறாய்?” என்று கேட்டேன். அவர் அதுகாறும் வேறொருவர் வண்டியை ஓட்டிவந்தவர். சவாரிகளை ஓர் ஏட்டில் குறித்து வைத்திருந்தார். மூன்று மாதத்துக் கணக்கை இருவரும் எண்ணினோம். 71 சவாரிகளில் மலைப்பாதை கண்டவை நான்கு. மற்றவை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கும், சென்னை விமான நிலையத்துக்கும், திருவண்ணாமலைக்கும், திருமண வீடுகளுக்கும் சென்றவை. எங்கள் பக்கம் சமவெளி. பெருமுக்கல் மலை கண்ணுக்கு முன்னே நின்றாலும், அதன்மேலுள்ள கோயிலுக்குக் கால்நடையாகவே ஏற வேண்டும். காருக்கு அங்கே வேலையில்லை.

பிறகு கரும்பலகைக் கணக்கைத் தாளில் போட்டோம். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓட்டம் என்று கொண்டோம். சிறியது லிட்டருக்கு 13 கிலோமீட்டரும் பெரியது 12 கிலோமீட்டரும் கொடுக்கும் என்று வைத்தோம். முன்னதற்கு 4,615 லிட்டர், பின்னதற்கு 5,000 லிட்டர். வேறுபாடு 385 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் 34,650 ரூபாய். மாதத்துக்கு ஏறக்குறைய 2,890. கூடுதலாகக் கடன் வாங்கும் இரண்டு இலட்சத்துக்கு நூற்றுக்கு 12 வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் ஏறக்குறைய 4,450. இரண்டும் சேர்ந்து மாதம் 7,340, ஆண்டுக்கு 88,080. மூன்று மாதத்துக்கு நான்கு மலைச் சவாரி என்றால் ஆண்டுக்குப் பதினாறு. வகுத்துப் பார்த்தால், ஒவ்வொரு மலைச் சவாரிக்கும் அந்தக் கூடுதல் பிக்கப்பின் விலை 5,505 ரூபாய்! அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

இந்தத் தொகையைப் பயணி கொடுப்பாரா என்பதே அடுத்த வினா. கொடுக்கமாட்டார். வாடகைக்கு அழைப்பவர் எத்தனை பேர் அமரலாம், ஏ.சி. உண்டா, கிலோமீட்டருக்கு என்ன வாடகை என்று கேட்கிறார். சி.சி. எத்தனை என்று கேட்ட பயணியை நான் இதுவரை கண்டதில்லை. ஆகையால் தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு குதிரைக்கும் ஓட்டுநரே தீனி போட வேண்டும். அந்த இளைஞர் சிறியதையே வாங்கினார்.

இதனால் பெரிய இயந்திரம் எவர்க்கும் ஆகாது என்று கொள்ளவேண்டா. சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறி நாள்தோறும் ஏற்காட்டுக்குச் செல்பவரையும், எழுபது வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் செல்பவரையும் எண்ணுங்கள். ஆண்டில் 300 மலைச் சவாரி என்றால் அதே செலவு சவாரிக்கு 294 ரூபாய்க்குள் அடங்கிவிடும். வண்டி நிறைய ஆட்களுடன் மலையேறும்போது சேர்த்து வைத்த வலிமை அவருக்குப் பாதுகாப்பும் ஆகும். இடத்துக்கேற்ப விடை மாறுகிறது. கணக்குப் போடும் முறை மாறுவதில்லை.

‘பெரிய இயந்திரம் நெடுநாள் உழைக்கும்’ என்று சிலர் கூறுவர். எங்கள் கடற்கரையில் இதற்கு மதிப்புக் குறைவு. உப்புக்காற்று முதலில் தின்பது வண்டியின் அடித்தகட்டையும் கதவுகளின் விளிம்பையும். உடல் துருவேறிய பின் உள்ளே இயந்திரம் நன்றாயிருந்து என்ன பயன்? பெரிய இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவி வந்தால் வண்டியின் ஆயுள் கூடும்.

மேலும், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ற டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. புகை நன்கு சூடேறினால்தான் அதில் படிந்த கரி எரிந்து போகும். பெரிய இயந்திரத்தை இலேசான சுமையுடன் குறுந்தொலைவே ஓட்டினால் சூடு போதாமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வேலைக்கு மிஞ்சிய அளவிலும் கேடு உண்டு என்பதற்கு இது சான்று.

இறுதியாகச் சட்டத்தையும் கருத வேண்டும். தில்லியின் காற்று மாசைக் கருதி, 2015 டிசம்பர் 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 2000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள புதிய டீசல் கார்களைத் தில்லியிலும் அதனைச் சூழ்ந்த தலைநகர் வட்டாரத்திலும் பதிவு செய்யக்கூடாது என்று தடை விதித்தது. 2.2 லிட்டர் இயந்திரம் செய்துவந்த மகிந்திரா நிறுவனம், அடுத்த மாதமே அதனை 1.99 லிட்டராகக் குறைத்துத் தில்லிக்கு அனுப்பிற்று. 2016 ஆகஸ்டு 12ஆம் நாள், காரின் விலையில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சுற்றுச்சூழல் கட்டணமாகச் செலுத்தவேண்டும் என்னும் நிபந்தனையுடன் தடை நீங்கியது. இடைப்பட்ட எட்டு மாதங்களில், சி.சி. என்னும் ஓர் எண் ஒரு காரைப் பதிவு செய்யலாமா கூடாதா என்பதையே முடிவு செய்தது. வண்டி ஓடப்போகும் ஊரின் விதியை அறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் படிப்பினை.

ஆகவே, நண்பர்களே, உங்கள் வீட்டில் தந்தையாரோ அண்ணனோ வாடகைக் கார் வாங்க எண்ணினால், நான்கு வினாக்களைக் கேளுங்கள். எத்தனை பேரை ஏற்றப்போகிறோம்? எந்தச் சாலையில் ஓட்டப்போகிறோம்? ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர்? கூடுதல் இயந்திரத்துக்கான பணத்தை யார் திருப்பிக் கொடுப்பார்? விடைகளைத் தாளில் எழுதி, பெருக்கி, வகுத்துக் காட்டுங்கள். விற்பனையாளர் சொல்லும் புகழ்ச்சியிலும் அண்டை வீட்டார் சொல்லும் பெருமையிலும் மயங்கி இருக்கும் பெரியவர்கள் அந்தத் தாளைக் கண்டு மீண்டும் ஒருமுறை சிந்திப்பார்கள். நீங்கள் கற்ற கணிதம் தேர்வுத் தாளோடு முடியாமல், வீட்டின் அடுப்பு எரிய உதவட்டும்.