யாழ்நகரின் தச்சுத்தொழில்

யாழ்ப்பாண நகரின் பழைய வீடொன்றை அண்ணாந்து நோக்குவோர், அதன் கூரையைத் தாங்குவது பனை என்பதை உடனே அறிவர். பனங்கைமரமும் சிலாகையும் ஓடுகளைச் சுமக்க, வேம்பும் வன்னிக்காட்டுப் பாலையும் முதிரையும் கதவாகவும் நிலையாகவும் அமைந்திருக்கும். இவற்றைச் செய்தோர் தந்தையின் பட்டறையிலே உளி பிடிக்கப் பழகியவர்கள். கோயில்களுக்குத் தேரும் வாகனமும் சமைத்தது அம்மரபே.

அத்தொழில் நலிவுற்றமைக்குப் போர் ஒரு பெருங்காரணம். 1983 முதல் 2009 வரை நீடித்த அப்போரிலே, காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமாகப் பனைகள் பெருந்தொகையாய்த் தறிக்கப்பட்டன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் நகரமக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது பட்டறைகளும் மூடுண்டன. அமைதி திரும்பியபின் மரத்தூட் பலகையாலான மலிவுத் தளபாடங்கள் கடைகளை நிரப்பின.

இவற்றை வாங்குவோரை அந்நிய மோகம் பிடித்தவர் எனப் பழித்தல் எளிது. ஆயினும் அவர்கள் கூறும் குறையையும் செவிமடுத்தல் வேண்டும். உள்ளூர்க் கதவு மாரியில் இறுகுகின்றது. கோடையில் வெடிக்கின்றது என்பதே அக்குறை. பெரும்பாலும் இது தச்சரின் கைக்குற்றமன்று. உலராத மரத்தின் குற்றம். மரத்தின் ஈரம் அதன் உலர்நிறையில் நூற்றுக்கு 30 பங்கிற்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகின்றது. தளபாடத்திற்கோ ஏறக்குறைய 12 பங்கு ஈரமே ஏற்றது. பலகைகளை இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, நிழலிலே மாதக்கணக்கிற் காற்றாட விடுதல் இதற்குரிய பழைய முறை. கடன்பட்டு மரம் வாங்கும் சிறுதச்சர் அத்தனை காலம் முதலை முடக்கிக் காத்திருப்பது எங்ஙனம்?

ஆகவே, தொழிலின் மறுமலர்ச்சி பட்டறையிலன்று, மரக்காலையிலேயே தொடங்கவேண்டும். தச்சர் பலர் கூட்டுறவாக ஒன்றுசேர்ந்து உலர்த்துசூளையொன்றை அமைப்பின், மாதங்களின் வேலை வாரங்களில் முடியும். அங்கே பயிலும் இளைஞர், உளியோடு மரத்தின் இயல்பையும் கற்பர். பனையின் வலிமை அதன் புறவயிரத்திலேயே உள்ளது. உள்ளே இருப்பது மென்சோறு. இதனை அறியாதவர் அரியும் மரம் வீணாகும்.

பனை முற்றி வயிரங்கொள்ளப் பல பதிற்றாண்டுகள் செல்லும். அனுமதியின்றி அதனைத் தறித்தலையும் சட்டம் தடுக்கின்றது. எனவே, சூளைக்கு அத்திவாரமிடும் ஆண்டிலேயே வெறுங்காணிகளிற் பனங்கொட்டை நடும் பணியும் தொடங்குதல் வேண்டும்.