திறப்பும் வீடும்: ஒரு போர்க்காலக் குறும்படத்தின் திட்டம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விழாவிலே ஏதாவது பயனுள்ளதாகக் கதையுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, இப்போது என் கையிலுள்ள வேலையைப் பற்றியே கதைக்கலாம் என்று தீர்மானித்தேன். அந்த வேலைக்கு உங்கள் உதவியும் வேண்டியிருக்கிறது. அதை முடிவிலே கேட்கிறேன்.

நான் ஒரு குறும்படம் எடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறேன். பன்னிரண்டு நிமிடம். 1991ஆம் ஆண்டு, புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு வீடு. அம்மம்மா, தாய், பத்து வயது மகள் ஆகிய மூவரும் விடியுமுன் ஊரைவிட்டுப் புறப்பட வேண்டும். அந்த ஓரிரவுதான் கதை. 1990 ஓகஸ்டில் வேலணைப் பக்கம் தொடங்கிய இடப்பெயர்வு அடுத்த ஆண்டு புங்குடுதீவையும் வெறுமையாக்கியதை நீங்கள் அறிவீர்கள். இங்கே இருப்பவர்களில் சிலர் அந்தப் பத்து வயதுப் பிள்ளையாகவே இருந்திருப்பீர்கள்.

கதை எழுதியாயிற்று. நடிப்பவர்களும் கிடைத்துவிட்டார்கள். வீடுதான் இல்லை. இன்று அங்கே போனால் கூரையும் கதவுநிலையும் போய், அறைக்குள் மரம் வளர்ந்த வீடுகளையே பார்க்கிறோம். வேறிடத்தில் எடுப்பது ஒரு வழி. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தின் போர்க்காட்சிகள் இந்தியாவில் எடுக்கப்பட்டவை. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற ‘தீபன்’ படத்தில் அல்லைப்பிட்டியிலே பிறந்த ஷோபாசக்தி நடித்தார். அதன் இலங்கைக் காட்சிகளும் இந்தியாவில்தான் எடுக்கப்பட்டன. அதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டும். எங்களிடம் இல்லை.

மற்ற வழி, மனிதர்களை உண்மையாகவும் வீட்டைக் கணினியிலும் ஆக்குவது. இது புதிதல்ல. கெரி கொன்ரன் என்ற அமெரிக்கர் தன் வீட்டுக் கணினியில் ஆண்டுக்கணக்காக இருந்து ஆறு நிமிடத் துண்டொன்றைச் செய்தார். அதைக் காட்டித்தான், 2004இல் வெளியான ‘ஸ்கை கப்டன்’ என்ற முழுப்படத்தையே நீலத்திரைக்கு முன்னால் எடுத்தார். இன்று பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

வேலை இப்படி நடக்கும். முதலில் பாழடைந்த ஒரு வீட்டை, உரியவர்களின் சம்மதத்துடன், எல்லாப் பக்கமும் சுற்றிச் சில நூறு படங்கள் எடுக்க வேண்டும். ஒரு படத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். மப்பு நாளாயிருந்தால் நல்லது, நிழல் விழாது. அளவு பிசகாமலிருக்க ஒரு மீற்றர்த் தடியைச் சுவரருகே வைக்க வேண்டும். இந்தப் படங்களிலிருந்து கணினி அந்தச் சுவர்களை முப்பரிமாணத்தில் கட்டித் தரும். கூரை, கதவு, விறாந்தைத் தூண்களை அதன்மேல் நாங்கள் ஏற்ற வேண்டும்.

நடிப்பைத் தனியே எடுப்போம். கமரா நின்ற உயரம், வில்லையின் அளவு, வெளிச்சம் வந்த பக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு காட்சிக்கும் எழுதிவைக்க வேண்டும். கணினி வீட்டிலும் அதே உயரம், அதே வில்லை, அதே வெளிச்சம் இருந்தால்தான் ஆள் தரையிலே நிற்பதாகத் தோன்றும். இல்லாவிட்டால் ஒட்டிவைத்த படம்போல மிதப்பார். கமராவை நகர்த்தினால் வேலை பலமடங்காகும் என்பதால் பெரும்பாலான காட்சிகளில் கமரா அசையாது.

இரவுக்காட்சியில் ஒரு சிக்கல் இருந்தது. பச்சைத் திரைக்குச் சீரான நல்ல வெளிச்சம் வேண்டும். எங்கள் கதையிலோ ஒரேயொரு ஜாம் போத்தல் விளக்கு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க, போத்தலின் அடியிலே பஞ்சும் சொட்டு எண்ணெயும் விட்டு எரித்தோமே, அதேதான். திரைக்கு வெளிச்சம் போட்டால் பச்சை முகத்திலே தெறிக்கும். விளக்கின் மஞ்சள் போய்விடும். ஆகவே பச்சைத்திரையை விட்டுக் கறுப்புத் துணிக்கு முன்னால் எடுப்பதென்று தீர்மானித்தோம்.

இந்தச் சிக்கலே எனக்கு ஒரு வழியையும் காட்டியது. அந்த விளக்கு நாலு முழத்துக்கு மேல் காட்டாது. அதற்கு உட்பட்டதை மட்டும் கட்டினால் போதும். மிச்சத்தை இருளிலே விடலாம். அதிலிருந்து எங்களுக்கு இரண்டு விதிகள் வகுத்துக்கொண்டோம்.

முதலாவது, கையிலே படுவதெல்லாம் உண்மைப் பொருளாக இருக்க வேண்டும். விளக்கு, பெட்டி, பாய், கிணற்று வாளி, செய்தி கேட்பதற்காக வானொலியோடு டைனமோ தொடுத்துப் பிள்ளை சுற்றுகிற சைக்கிள் ஆகியன உண்மையானவை. கண்ணில் மாத்திரம் படுவதே கணினிக்கு.

இரண்டாவது, ஒருவருக்கும் நினைவில்லாததை நாங்கள் கட்டமாட்டோம். கணினி வெற்றிடத்தைப் பொறுக்காது. மரம் கேட்டால் ஆயத்தமாயிருக்கிற தென்னையைத் தரும். எங்களுக்கு வேண்டியது பனை. வேலி கேட்டால் பலகை வேலி தரும். பார்க்கிற வெளியூர்ப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியாது. அவர்கள் அதையே மடத்துவெளி என்று நம்புவார்கள். பிழையாகக் கட்டிய வீடு, இல்லாத வீட்டைவிட மோசமானது.

போரை எப்படிக் காட்டப் போகிறாய் என்று பலர் கேட்டார்கள். குண்டு வெடிப்பதும் வீடு சிதறுவதும் இன்று கணினியில் மலிவான வேலைகள். அவற்றைச் செய்யப் போவதில்லை. நாங்கள் அனேகமாகப் போரைக் காதாலேயே அறிந்தோம். ஹெலியா, பொம்பரா, எந்தப் பக்கம் போகிறது என்று சத்தத்திலேயே சொன்னோம். படத்திலும் அம்மம்மா அண்ணாந்து கேட்பார். பிள்ளை விளக்கைக் கையால் மறைப்பாள். அது போதும்.

இனி, உங்களிடம் கேட்க வந்தது. வீட்டுப் படிக்கட்டில், கிணற்றடியில், சாமத்தியச் சடங்கில் எடுத்த பழைய படங்கள் உங்களிடம் இருக்கும். அதில் உங்கள் முகத்துக்குப் பின்னால் நிற்கிற சுவரும் வேலியுமே எனக்கு வேண்டும். படம் இல்லாவிட்டால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். வேலி பனையோலையா, மட்டையா? கிணற்றில் துலாவா, கப்பியா? இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் அதையும் எழுதிக்கொள்வேன். சென்ற ஆண்டு இதே கேள்விகளோடு ஒரு ஆச்சியிடம் போகவிருந்தேன். நான் போவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அந்த வீட்டுக் குசினி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று சொல்ல இப்போது ஒருவருமில்லை. படத்தில் அது இருளில்தான் இருக்கும்.

படத்தின் கடைசிக் காட்சியில் தாய் கதவைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிகிறாள். அதற்கு ஒரு திறப்பு தேடியபோது, எனக்கு மூத்த ஒரு அக்கா தன்னுடையதைக் கொண்டுவந்து தந்தார். அவர் பூட்டிய கதவும் இல்லை, நிலையும் இல்லை. திறப்பை மட்டும் இத்தனை வருடமும் வைத்திருந்தார். “படம் முடிய இதைத் திருப்பித் தரவேணும்” என்று சொல்லித்தான் தந்தார்.

கட்டாயம் திருப்பிக் கொடுப்பேன். அதற்குமுன் அந்தத் திறப்புக்கு ஒரு கதவைக் கட்ட வேண்டும். அந்தக் கதவு எப்படி இருந்தது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.