ஒரு மீசான் கல்லும் எங்கள் தவறும்
(ஜமாஅத் நிர்வாகிகள் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





அல்ஹம்துலில்லாஹ். பழைய மையவாடிகளைப் பராமரிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்து மையவாடியைத் துப்புரவு செய்ய நம் அறக்கட்டளை முன்வந்தது. ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு நுழைய வழியில்லாதபடி சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஜேசிபியைக் கொண்டுவந்து இரண்டே நாளில் முள்ளை வாரினோம். தரையையும் சமன் செய்தோம். பெயர்ந்து வந்த மீசான் கற்களைச் சுற்றுச்சுவர் ஓரமாக அடுக்கினோம். ஊரே பாராட்டியது. எந்தக் கல் எந்தக் கப்ரில் நின்றது என்று குறித்துவைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு பினாங்கிலிருந்து ஒரு பெரியவர் மகளோடு வந்தார். அவருடைய பாட்டனார் அந்த ஊரிலிருந்து கப்பலேறியவர். பாட்டனாரின் தாயார் கப்ருக்கு முன் நின்று ஸலாம் சொல்ல வேண்டும் என்பதே அவர் ஆசை. ஒரு தாளில் அந்த அம்மாவின் பெயரை எழுதிக் கொண்டுவந்திருந்தார். சுவரோரக் குவியலில் தேடினோம். அந்தப் பெயர் உள்ள கல் கிடைத்தேவிட்டது. அரபுத்தமிழில் பெயர், கீழே ஹிஜ்ரி 1325. பெரியவர் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "கப்ர் எது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. நாற்பது வருடம் அங்கே குழி வெட்டியவருக்குத் தெரிந்திருக்கும். அவர் மூன்று மாதத்துக்கு முன்புதான் மவுத்தாகியிருந்தார். பெரியவர் அந்த வெற்றுத் தரையைப் பார்த்துப் பொதுவாக ஸலாம் சொல்லி, துஆச் செய்துவிட்டுப் போனார். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களை அடக்கம் செய்த பிறகு, ஒரு கல்லைக் கொண்டுவருமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவரிடம் சொன்னார்கள். அவரால் தூக்க முடியவில்லை. நபியவர்களே தம் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அதைத் தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கப்ரை அடையாளம் தெரிந்துகொள்ளவும், தம் குடும்பத்தில் இறப்பவர்களை அவர் அருகில் அடக்கவும்தான் அந்தக் கல் என்று காரணமும் சொன்னார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. கப்ரைப் பூசுவதையும் அதன்மேல் கட்டுவதையும் தடுத்த அதே நபிதான் கல்லைச் சுமந்தார்கள். ஆகவே நாம் கேட்பது கட்டடம் அல்ல, அடையாளம்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

முதலில் நிலம். மையவாடியின் புல எண், வருவாய்த்துறைப் பதிவேட்டில் அதன் வகைப்பாடு, வக்ஃபு வாரியப் பதிவு ஆகிய மூன்றின் நகலும் ஜமாஅத் கோப்பில் இருக்க வேண்டும். எல்லைக் கல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முள். பழைய கப்ருகள் உள்ள இடத்தில் எந்திரம் இறங்கவே கூடாது. சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். நடைபாதையிலும் ஓரத்திலும் உள்ளதைக் கடப்பாரையால் தோண்டி வேர்த்தலையோடு எடுங்கள். கப்ரின்மேல் நிற்பதைப் பிடுங்க வேண்டாம். தரையோடு அறுத்துவிட்டு, துளிர்க்கும்போதெல்லாம் கழித்துவிடுங்கள். வருடம் இரண்டு முறை ஆள் வைத்தால் போதும். கப்ரை மிதிக்காமல் வேலை செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கல். கம்பி பிரஷ், ஆசிட், சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது செல்போனில் படமெடுத்தால், தேய்ந்த எழுத்தும் நிழலோடு எழுந்து தெரியும். சாய்ந்த கல்லை நிமிர்த்துமுன் அது இருந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹிஜ்ரி ஆண்டுகள் 33 சேர்ந்தால் கி.பி. ஆண்டுகள் ஏறக்குறைய 32. அந்தக் கணக்கில் நாங்கள் பார்த்த 1325 என்பது கி.பி. 1907ஐ ஒட்டியது.

நான்காவது, பெயர். எழுத்துள்ள கற்கள் குறைவு. ஏழைகளின் கப்ருக்குப் பெரும்பாலும் வெறும் கல்தான், சிலவற்றுக்கு அதுவும் இல்லை. அந்தப் பெயர்கள் மனிதர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. குழி வெட்டுபவரையும் மோதினாரையும் உட்காரவைத்து, வரிசை வரிசையாகக் கேட்டு ஒரு வரைபடம் போடுங்கள். பிறகு பழைய நிகாஹ் தஃப்தரைப் புரட்டுங்கள். மணமக்களின் பெயர், தந்தையர் பெயர், வகீல், சாட்சிகள் என்று ஒரே பக்கத்தில் இரண்டு குடும்பங்கள் கிடைக்கும். வீட்டுக் கிரயப் பத்திரங்களிலும் தலைமுறைகள் உண்டு.

பெண்களை விட்டுவிடாதீர்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவதும், வீடு பெண் மக்களுக்குப் போவதும் வழக்கம். அங்கே வாப்பா வழியை மட்டும் தொடர்ந்தால் பாதி குடும்பம் விடுபட்டுப் போகும். நாங்கள் விசாரித்த ஊர்களில், மையவாடிக்குள் போகாத மூதாட்டிகளிடம்தான் அதிகப் பெயர்கள் இருந்தன. யார் பிரசவத்தில் போனார், யார் கைக்குழந்தையைப் பக்கத்தில் அடக்கினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வமிசம் அறிவது பெருமை பேச அல்ல. உறவைச் சேர்ந்து வாழ்வதற்குத் தேவையான அளவு அதை அறியும்படி நபிமொழி சொல்கிறது. வரைபடம் போட்ட ஓர் ஊரில், பல வருடமாகப் பேசாதிருந்த இரண்டு வீட்டாருக்குப் பூட்டியார் ஒருவரே என்று தெரியவந்தது. அந்தப் பெருநாளில் அவர்கள் ஒன்றாக ஸியாரத்துக்கு வந்தார்கள்.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்திலும் இரண்டு இளைஞர்களை நியமியுங்கள். நோட்டும் செலவும் அறக்கட்டளையின் பொறுப்பு. ஊரில் மிக மூத்த ஓர் ஆண், ஒரு பெண், இந்த இருவரிடமிருந்து தொடங்கட்டும். முள்ளை அடுத்த மாதம் வெட்டலாம். அவர்களை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.

அந்தச் சுவரோரக் கற்களை நாங்கள் ஒவ்வொன்றாகப் படித்து எழுதி வருகிறோம். இடம் போய்விட்டது, பெயராவது நிற்கட்டும். அல்லாஹ் எங்கள் பிழையைப் பொறுத்து, கப்ராளிகள் அனைவரின் மண்ணறைகளையும் விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.