உப்பளத்துப் பிள்ளைகளும் சமூகப்பணிப் படிப்பும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் - இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி ஆண்டில் கோவிலின் வரலாற்றைச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கொடுத்திருப்பது படிப்பைப் பற்றிய தலைப்பு. அதிலும், “அது என்ன படிப்பு?” என்று பலரும் கேட்கிற சமூகப்பணிப் பட்டப்படிப்பு. மரக்காணம் பக்கம் வந்து மேடை ஏறுகிறவர்கள் உப்பைப் பற்றிய நற்செய்திப் பகுதியைத் தொடாமல் இறங்குவதில்லை. நான் அதைத் தொடப்போவதில்லை. உப்பைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. உப்பு வாருகிறவர்களைப் பற்றியும் அவர்கள் பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்தப் படிப்பின் பேரைச் சொன்னவுடன் பெற்றோர் இரண்டு கேள்வி கேட்பார்கள். “நர்சு படித்தால் ஆஸ்பத்திரி, டீச்சர் படித்தால் பள்ளிக்கூடம், இதைப் படித்தால் எங்கே?” என்பது ஒன்று. அதற்குப் பிறகு வருகிறேன். “ஏழைக்கு உதவி செய்ய டிகிரி எதற்கு? மனசு இருந்தால் போதாதா?” என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கேள்விதான் கனமானது.

பாத்தியில் கட்டிய தண்ணீர் எப்போது உறையும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற பெரியவர்கள் அளத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் பாகை பார்க்கிற கண்ணாடிக் கருவியை நீரில் மிதக்கவிட்டுத்தான் பார்க்கிறார்கள். இருபத்தைந்து பாகைக்கு வந்தால் உப்பு இறங்கும்; முப்பதை நெருங்கவிட்டால் கசப்பு நீர் கலந்து சரக்கு கெட்டுப்போகும். கருவி வந்ததால் பெரியவருடைய அனுபவத்துக்கு இழுக்கு என்று யாரும் சொல்வதில்லை. உதவி செய்வதிலும் இப்படி ஓர் அளவு இருக்கிறது. எப்போது கொடுப்பது, எப்போது கேட்பது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்பதெல்லாம் நல்ல மனசு மட்டும் சொல்லித்தருகிற பாடமல்ல.

இது நம் திருச்சபைக்குப் புதிய செய்தியும் அல்ல. நம் பங்குகளில் வேலை செய்கிற புனித வின்சென்ட் தே பவுல் சபையை 1833-ல் பாரிஸ் நகரில் தொடங்கியவர் யார்? ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுப் பல்கலைக்கழக மாணவர். அவருக்கும் நண்பர்களுக்கும் ஏழைகளின் வீட்டுக்குள் எப்படி நுழைவது, எப்படி உட்காருவது, எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்று பழக்கியவர் ரோசலி ரந்து என்ற அருட்சகோதரி. வீட்டைச் சந்திப்பது என்பதே ஒரு பயிற்சி என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. பிறகு அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் அம்மையார் 1917-ல் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு தொடங்கிய கதையும் தெரிந்துகொள்ளத்தக்கது. பம்பாயில் நாக்பாடா என்ற உழைப்பாளர் பகுதியில் சமூக இல்லம் ஒன்றை நடத்திவந்த கிளிஃபோர்ட் மன்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரியை முதல் இயக்குநராகக் கொண்டு, 1936-ல் தோராப்ஜி டாட்டா பெயரில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதுவே இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் என்ற பார்சி அம்மையார் 1952-ல் சென்னை சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கிவைத்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அதற்காக மூலையில் உட்காராமல் சேவைக்கு வந்தவர். நம் சமூகத்தில் விதவைத் தாய்மார் பலர் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

நிற்க. இந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? தனிமனிதரோடு பணி, குழுவோடு பணி, ஊரை ஒருங்கிணைப்பது, நல நிர்வாகம், ஆய்வு, சமூகச் சட்டங்கள் என்று பாடங்கள் உண்டு. அவற்றைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். படிப்பின் உயிர் களப்பணியில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பை விட்டு வெளியே போய், ஒரு மருத்துவமனையிலோ குடிசைப் பகுதியிலோ சிறுவர் இல்லத்திலோ வேலை செய்ய வேண்டும். கிராம முகாம் உண்டு. வாராவாரம் அறிக்கை எழுதி வழிகாட்டும் ஆசிரியரிடம் காட்டவேண்டும். அப்படிப்பட்ட அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறவள் என்ற முறையில் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். யார் வீட்டையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை.

ஐப்பசி மாதம், மழை. அளத்தில் வேலை இல்லை. கணவனை இழந்த தாய். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் பள்ளிக்கு நின்றுவிட்டான். நம் வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும், பசி காத்திருக்காது. பயிற்சிக்கு வந்த மாணவி என்ன செய்கிறாள்? திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறாள். பையன் ஏன் நின்றான்? வாங்கிய முன்பணத்தைக் கழிக்க வேலைக்குப் போகிறானா? பள்ளியில் அடி வாங்கினானா? கிழிந்த சட்டையோடு போக வெட்கமா? குடும்ப அட்டை யார் பேரில் இருக்கிறது? விதவை ஓய்வூதியத்துக்கு எழுதிப்போட்டதுண்டா? அந்தத் தாயின் காலில் இருக்கும் வெடிப்பும் புண்ணும் எத்தனை நாளாக ஆறவில்லை? முதல் நாள் அந்த அம்மா, “ஒன்றுமில்லை தாயி, எல்லாம் நல்லபடியா இருக்கோம்” என்பார். மூன்றாம் நாள்தான் வாய் திறப்பார். அந்த மூன்றாம் நாள் வரைக்கும் போகிற பொறுமைக்குத்தான் மதிப்பெண்.

பிறகு அந்தப் பேச்சை அறிக்கையாக எழுத வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அளத்துத் தாய் மூன்று வார்த்தையில் சொன்னதை எட்டுப் பக்க ஆங்கிலத்தில் எழுதச் சொல்வதில் எனக்கே முழு உடன்பாடு இல்லை. அது வேறு வழக்கு.

இந்தத் துறையில் உலகமெங்கும் மாணவர்கள் படிக்கிற ஏழு நெறிகளை 1957-ல் வகுத்துக் கொடுத்தவர் பெலிக்ஸ் பீஸ்டெக் என்ற இயேசு சபைக் குரு. வந்தவரைத் தனி மனிதராகப் பார், அவர் மனத்தில் உள்ளதைக் கொட்டவிடு, உன் உணர்ச்சியை அளவோடு வைத்துக்கொள், உள்ளபடி ஏற்றுக்கொள், தீர்ப்பிடாதே, முடிவெடுக்கும் உரிமையை அவரிடமே விடு, கேட்டதை வெளியே சொல்லாதே. சாரம் இவ்வளவுதான். கடைசி நெறியைக் கேட்டால் நம்மவர்களுக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி நினைவுக்கு வரும். ஒரு தெருவில் இருமினால் அடுத்த தெருவில் மருந்து சொல்கிற ஊரில், கேட்டதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்வது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் எல்லாவற்றிலும் கடினமானது ஆறாவது நெறி. குடித்துவிட்டு அடிக்கிற கணவனை விட்டு வா என்று நாம் சொல்வோம். அவள் வரமாட்டாள். அல்லது, பொறுத்துப் போ என்று நாம் சொல்வோம், அவள் பொறுக்கமாட்டாள். சட்டம் என்ன சொல்கிறது, தங்குவதற்கு எங்கே இடம் உண்டு, பிள்ளைகள் கதி என்ன என்பதையெல்லாம் அவள் முன் வைத்துவிட்டு, முடிவை அவளிடம் விட்டுவிட வேண்டும். ஏழைக்காக முடிவெடுத்தே பழகிவிட்ட நமக்கு, பங்கிலும் சரி, பஞ்சாயத்திலும் சரி, இது கசக்கிற பாடம். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் உயிர்களைக் கொண்டுபோனபோது வெளியிலிருந்து பலர் வந்து பல அறிவுரை சொன்னார்கள். அந்த வீடுகளில் உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்றும் இந்தப் படிப்பு கற்றுத்தருகிறது. பட்டியலில் யாருடைய பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கிற கண். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கியதை மறக்க முடியுமா? தமிழகக் கடற்கரையெங்கும் உதவி வந்து குவிந்தது. படகு இழந்தவர், வலை இழந்தவர் பெயர்களை எழுதினார்கள், அது நியாயம். ஆனால் படகும் இல்லாமல் நிலமும் இல்லாமல், கூலி ஒன்றையே நம்பியிருந்த உப்பளத் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் பல இடங்களில் தொடக்கத்தில் கணக்கில் வரவே இல்லை. இழந்ததைக் காட்டச் சொன்னால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்? நின்றுபோன வேலையைக் கையில் எடுத்துக் காட்ட முடியுமா? 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோதும் அளங்கள் நீரில் மூழ்கின. உப்புக்கு நட்டக் கணக்கு உண்டு. கூலிக்கு?

தமிழக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக ஐயாயிரம் ரூபாய் வழங்கத் தொடங்கியது. வேலையில்லாத மாதங்களும் ஒரு பேரிடரே என்று ஒப்புக்கொண்ட நல்ல திட்டம். ஆயினும் பட்டியலில் பெயர் ஏறினால்தானே பணம் வரும்? ஏறாத பெயரை ஏற்றுவது பேச்சாளர் வேலையல்ல. ஆதார், வங்கிக் கணக்கு, வேலை செய்ததற்குச் சான்று என்று ஒவ்வொன்றாகத் தேடி அலைகிறவர் வேலை. அளத்து வீட்டில் பிறந்த பெண் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தால், எந்த வீட்டில் யாரைக் கேட்க வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அந்த முதல் கேள்வி: எங்கே வேலை? மருத்துவமனைகளில் சமூகப்பணியாளர், பள்ளிகளில் ஆலோசகர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் பணி, தொண்டு நிறுவனங்கள், நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பல்நோக்குச் சமூகப்பணிச் சங்கம் போன்ற அமைப்புகள் என்று சொல்லலாம். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளெல்லாம் அறிவார்கள். அந்தச் சேவை 1996-ல் டாட்டா நிறுவனத்தின் களப்பணித் திட்டமாகப் பிறந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகள் தொழிலாளர் நல அதிகாரி வைத்தே தீரவேண்டும் என்றது. ஆகவே இதைப் படித்த பலர் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள், இன்றும் போகிறார்கள். சம்பளத்தை மறைத்துப் பேச விரும்பவில்லை. தொழிற்சாலையில் நல்ல சம்பளம் உண்டு. தொண்டு நிறுவனத்தில் குறைவு, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு இளநிலைப் படிப்பு. எந்தப் பட்டம் பெற்றவரும் சேரத்தக்க இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. சென்னை சமூகப்பணிப் பள்ளி, லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, நமக்கு அருகில் புதுவைப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் முதுநிலை உண்டு. வீட்டை விட்டுப் போக இயலாதவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டு நிலையிலும் நடத்துகிறது. அதிலும் களப்பணி கட்டாயம்.

பணத்துக்கு என்ன வழி? அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்குப் பட்டப்படிப்பின்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் வந்தது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024-ல் வந்தது. கிறிஸ்தவர்களான ஆதிதிராவிடர் ஒரு செய்தியை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் அவர்கள் பட்டியல் சாதிக்குரிய சலுகையை இழந்தார்கள். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோராகவே கணக்கிடப்படுகிறார்கள். அந்த அநீதியைப் பற்றிப் பேச இன்னொரு மேடை வேண்டும். ஆனால் ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கும் உயர்கல்வி உதவித்தொகை மதம் மாறிய கிறிஸ்தவர்களுக்கும் உண்டு. “நமக்குக் கிடையாது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கடைசியாகப் பங்குப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருவது மே மாதத்தில். அந்த மாதத்தில்தான் அளத்தில் உப்பு உச்சமாக விளைகிறது. வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் வேலை இருக்கிறது. விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளும் துணைக்குப் போகிறார்கள். விடியுமுன் போய், வெயில் ஏறித் திரும்பி, களைத்துப் படுத்து எழுவதற்குள் கல்லூரிகளின் விண்ணப்ப நாள் கடந்துவிடுகிறது. சேரக்கூடியவர்கள் சேராமல் போவதற்கு மதிப்பெண் குறைவைவிட இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எனவே ஆண்டுதோறும் முடிவு வெளிவந்த நாளிலிருந்து இரண்டு வாரம், மாலை நேரத்தில், பங்கு மன்றத்தில் ஒரு கணினியோடு விவரம் தெரிந்த இருவர் உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்யுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்ட வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். அளத்திலிருந்து நேரே வருகிற பிள்ளைகள் கைகால் கழுவ வாசலில் ஒரு குடம் தண்ணீர் வையுங்கள். அந்த இருவரில் ஒருவராக வந்து உட்கார நான் தயாராக இருக்கிறேன்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!