ஆங்கிலத்தில் 'கேட்டல்': ஒரு வினையும் அதன் பரியாயச் சொற்களும்



ஆங்கிலச் சொல்வளம் முழுவதையும் ஒரே பிரசங்கத்தில் அளந்து காட்ட முயலாமல், ஒரு சிறு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் பிறப்பையும் சுற்றத்தையும் அன்றாட வழக்கில் அது நடந்துகொள்ளும் விதத்தையும் ஆராய்வதே இக்கருத்தரங்கின் நோக்கத்துக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன். அச்சொல் 'ஆஸ்க்'. நம் மாணவர் இதனைத் தொடக்க வகுப்பிலேயே கற்றுவிடுகிறார்கள். கற்றுவிட்டோம் என்ற எண்ணத்தினாலேயே பிறகு அதைக் கவனியாது விட்டுவிடுகிறார்கள்.

இச்சொல் நார்மானியர் வருகைக்கு முன்பே இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஆங்கிலத்துக்கு உரியது. அக்காலத்திலேயே இதற்கு இரண்டு உருவங்கள் இருந்தன. ஸகரம் முன்னும் ககரம் பின்னுமாக ஒலிப்பது ஒன்று, அவ்விரண்டும் இடம் மாறி 'ஆக்ஸ்' என ஒலிப்பது மற்றொன்று. பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாஸர் இவ்விரண்டாம் உருவத்தைத் தயக்கமின்றிக் கையாண்டிருக்கிறார். 1535-இல் அச்சேறிய கவர்டேலின் விவிலிய மொழிபெயர்ப்பிலும் அது காணப்படுகிறது. பின்னர் எழுத்து வழக்கு முதலாவதையே தரமானதாகக் கொண்டுவிட்டமையால், இன்று 'ஆக்ஸ்' என்பவனைக் கல்லாதவன் என்று எண்ணிவிடுகிறார்கள். அவன் நாவில் இருப்பதோ ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடைய உருவம்.

இவ்வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் உடன்பிறப்புக்களும் உண்டு. இரத்தலையும் பிரார்த்தித்தலையும் குறித்த 'பிட்டன்' என்னும் வினை, கட்டளையிடுதலையும் அளிக்க முன்வருதலையும் குறித்த வேறொரு வினையோடு காலப்போக்கில் கலந்து, இன்றைய 'பிட்' ஆயிற்று. ஏலத்தில் விலை கேட்பவன் அச்சொல்லையே இன்றும் வழங்குகிறான். இரப்பவன் சொல்லும் ஏவுபவன் சொல்லும் ஓருருவில் அடங்கிய இவ்விந்தையோடு இன்னொன்றும் நினைக்கத்தக்கது. பிரார்த்தனையைக் குறித்த இதே குடும்பத்துப் பெயர்ச்சொல், ஜெபமாலையை உருட்டி எண்ணும் வழக்கத்தின் வழியாக, மணியைக் குறிக்கும் 'பீட்' ஆகிவிட்டது.

1066-இல் நார்மானியர் வென்றபின், அரண்மனையிலும் நியாயஸ்தலத்திலும் பிரெஞ்சு வழக்கு மேலோங்கியது. திருச்சபையும் கல்விக்கூடமும் லத்தீனில் நிலைத்து நின்றன. உழவனும் அடுக்களைப் பெண்ணும் தங்கள் பழைய மொழியிலேயே வாழ்ந்தார்கள். ஆகவே ஒரே செயலுக்கு மூன்று படித்தரங்களில் மூன்று சொற்கள் ஏற்பட்டன: வீட்டுக்கு 'ஆஸ்க்', பிரெஞ்சு வழிவந்த 'கொஸ்சன்', லத்தீனிலிருந்து நேரே எடுக்கப்பட்ட 'இன்டராகேட்'. மொழி வரலாற்று நூல்கள் இம்மூன்றையும் உதாரணமாகக் காட்டுவது வழக்கம். ஆனால் இவற்றின் பிறப்பைச் சொல்வதோடு நின்றுவிட்டால் பயன் பாதிதான். தாய் குழந்தையை 'ஆஸ்க்' செய்கிறாள். விடை வந்தால் மகிழ்வாள், வராவிட்டாலும் குற்றமில்லை. ஒருவரை 'கொஸ்சன்' செய்யும்போது கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; ஒருவர் கூற்றை 'கொஸ்சன்' செய்வதென்றாலோ, அதன் உண்மையைச் சந்தேகிப்பது என்றே பொருளாகிவிடுகிறது. 'இன்டராகேட்' என்ற மாத்திரத்தில் மூடிய அறையும், பதில் சொல்லாமல் எழுந்து போக இயலாத ஒரு மனிதனும் நம் கண்முன் வந்து நிற்கிறார்கள்.

'டிமாண்ட்' என்னும் சொல்லின் கதை என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. பாரிஸ் நகரத்தில் ஒருவர் வழி கேட்டாலும், தண்ணீர் கேட்டாலும் 'தெமாந்தே' என்ற வினையைத்தான் சாதாரணமாக ஆளுவார். அதில் அதிகாரத்தின் சாயல் சிறிதுமில்லை. அதே சொல் இங்கிலாந்துக்குள் புகுந்தபோது நியாயஸ்தலத்தின் வழியாகப் புகுந்து, தமக்கு உரியதென்று சட்டம் ஒப்பும் ஒன்றை வாதி கோருகிற பொருளிலே வேரூன்றியமையால், ஆங்கிலத்தில் உரிமையோடு வற்புறுத்துதல் என்ற கடுமையைப் பெற்றுவிட்டது. வழக்குகளை ஆங்கிலத்திலேயே வாதிக்கவேண்டும் என்று 1362-இல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. அச்சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டது என்பதை நோக்கினால் அம்மொழியின் செல்வாக்கு எவ்வளவு ஆழமாக ஊடுருவியிருந்தது என்பது விளங்கும். 'பெக்', 'பிசீச்', 'என்ட்ரீட்' என்ற இரத்தற் சொற்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பின்னிரண்டும் இன்று பெரும்பாலும் ஏட்டளவில் நிற்பவை.

சகோதரர்களான பௌலர் இருவரும் 1906-இல் வெளியிட்ட, ஆங்கில உரைநடை பற்றிய நூலில், லத்தீன் வழிச் சொல்லினும் பூர்விக ஆங்கிலச் சொல்லே விரும்பத்தக்கது என்று விதித்தார்கள். மணி என்னவென்று வினவ 'என்கொயர்' எதற்கு, 'ஆஸ்க்' போதுமே என்னும் அளவில் அவர்கள் கூற்று முற்றிலும் சரி. ஆனால் போலீஸ் விசாரணையை 'ஆஸ்க்' என்று எழுதினால் உண்மை பாதி மறைந்துபோகும். சொல்லின் எளிமையைக் காட்டிலும் சந்தர்ப்பத்தின் பொருத்தமே பெரிது என்பது என் துணிபு.

இவ்வுண்மை தமிழருக்குப் புதிதன்று. கொடையை இரக்கும்போது ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களுள், தாழ்ந்தோன் சொல்வது இன்னது, ஒத்தோன் சொல்வது இன்னது, உயர்ந்தோன் சொல்வது இன்னது என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்துக் காட்டியிருக்கிறார். பொருள் ஒன்றாயினும் யார் யாரிடம் பேசுகிறார் என்பதனால் சொல் வேறுபடும் என்ற இலக்கணத்தை இத்துணைத் தெளிவாக அறிந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், ஆங்கிலப் பரியாயங்களை மட்டும் வேறுபாடின்றி மனனம் செய்வது வருந்தத்தக்கது.

அதன் விளைவை வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறோம். தமிழில் வினா எழுப்புதலும், பொருளை வேண்டுதலும், காதால் கேட்டலும் 'கேள்' என்ற ஒரே வினைக்குள் அடங்கும். ஆங்கிலத்திலோ, பொருளை வேண்டும்போது 'ஆஸ்க்' என்பதன்பின் 'ஃபார்' வரவேண்டும். 'ரிக்வெஸ்ட்' வினையாக நிற்கும்போது அது வரலாகாது. நம் மாணவர் பலர் இவ்விரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள். 'அவரிடம் கேட்டேன்' என்ற தமிழ்ப் பழக்கத்தால் 'ஆஸ்க்' என்பதற்குப் பின் 'டு' என்ற இடைச்சொல்லைச் சேர்ப்பவரும் உண்டு. 'என்கொயரி' என்பது ரயில் நிலையத்தில் தகவல் பெறும் ஜன்னலாகவும், காரியாலயத்தில் ஓர் உத்தியோகஸ்தரைக் கலங்க வைக்கும் விசாரணையாகவும் இருப்பதை அறியாத தமிழர் இல்லை. ஆயினும் இவ்வேறுபாட்டை எந்தப் பாடநூல் அவர்களுக்கு விளக்கிற்று?

மருத்துவராகிய ரோஜே 1852-இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் கருத்து முறையில் அமைந்த அரிய நூல். ஆயினும் எண்ணம் இருந்து சொல் அகப்படாதவருக்கே அது துணை, மொழியைப் புதிதாகக் கற்பவருக்கு அன்று. இதற்கு மாறாக, ஜேம்ஸ் மரேயின் தலைமையில் உருவாகி 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டுப் பேரகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் காலக் குறிப்போடு பிரயோகங்களைத் திரட்டி வைத்தது. எண்ணற்ற வாசகர்கள் தாம் படித்த நூல்களிலிருந்து மேற்கோள்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்பியதனாலேயே அப்பணி கைகூடியது.

நம் ஆங்கில-தமிழ் அகராதிகளில் ஒரு வினைக்கு நேரே கேள், வினவு, வேண்டு, விசாரி என்று வரிசையாக அடுக்கியிருக்கக் காண்கிறோம். அவற்றைத் தொகுத்த பெரியோர்களின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். இனி வேண்டுவது, அவ்வரிசையில் எச்சொல் எவ்விடத்துக்கு உரியது, எந்த இடைச்சொல்லை ஏற்கும், யார் வாயில் மரியாதையாகவும் யார் வாயில் அவமதிப்பாகவும் ஒலிக்கும் என்பதை உதாரணத்தோடு காட்டும் ஓர் அகராதி. நீதிமன்றப் பத்திரங்களிலிருந்தும், காரியாலயக் கடிதங்களிலிருந்தும், நாவல்களின் உரையாடல்களிலிருந்தும் பிரயோகங்களைத் திரட்டுவது ஆசிரியர் ஒவ்வொருவராலும் இயலக்கூடிய பணி. இவ்வமர்வுகளில் கட்டுரை படிக்கவிருக்கும் அன்பர்கள், தாம் ஆராய்ந்த ஒவ்வொரு வினைக்கும் அத்தகைய உதாரணங்களைத் தொகுத்து அமைப்பாளர்களிடம் ஒப்படைத்துச் செல்லுமாறு வேண்டிக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.